பதினெட்டு போதும் என்றவர்கள்

மேனா தல்லாரிக்கோவுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தில் காபிக் கடைக்காரன் முதல் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ரெக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் நின்றுபோனால் லிஃப்ட்டைத் திட்டுவாள். மழை பெய்தால் நகராட்சியைத் திட்டுவாள். அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த வசந்த காலத்தில் அவளுக்கு வந்த கோபம் வேறு ரகம். முதலில் அது தப்பான ஆட்கள் மேல் பாய்ந்தது. பிறகு அவள் மேலேயே திரும்பியது. போகவேண்டிய இடத்துக்குக் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது.

மாணவர்கள் தேற வேண்டும் என்று பல்கலைக்கழகம் செய்யும் செலவில் எது பலன் தருகிறது, எது தண்டம் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலைதான். தலை நரைத்த பிறகும் அவள் நிரந்தரம் ஆகவில்லை. பலன் இருக்கிறதா என்று கேட்கிறவளை யார் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள்? ஒருமுறை மிலானோவிலிருந்து ஒருவரை விமானத்தில் வரவழைத்து, 'உங்களால் முடியும்' என்று ஒரு காலை முழுக்கப் பேச வைத்தார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ஆண்டு முடிவில் யாரால் என்ன முடிந்தது என்று மேனா கணக்குப் பார்த்தாள். ஒன்றும் முடியவில்லை. அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் மூன்று மாதம் தாமதமாக வந்தது.

பொருளாதாரத் துறையின் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம்தான் எமன். அதில் விழுந்தவர்கள் பாதிப் பேர் எழுந்திருப்பதில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் யார் கடையிலாவது நிற்பார்கள், அல்லது அத்தை மகன் இருக்கிறான் என்று ஜெர்மனிக்கு ரயில் ஏறுவார்கள். அந்த அறையில் கோசிமோ என்ற மேல்வகுப்பு மாணவனும் அவன் கூட்டாளிகள் சிலரும் மதியம் தோறும் முதலாண்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இடத்துக்கு விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேரைத்தான் சேர்க்க முடியும். யாரைச் சேர்ப்பது?

"சீட்டுக் குலுக்கிப் போடுங்க" என்று சொன்னவள் மேனாதான். நல்ல பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்தால் அவர்கள் தேறியது அறையாலா, ஏற்கெனவே இருந்த மூளையாலா என்று கடைசிவரை தெரியாது. குலுக்கிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிள்ளைகள் இருப்பார்கள். பிறகு வித்தியாசம் வந்தால் அது அறை செய்த வேலை.

துணை ரெக்டர் எர்மான்னோ பெவாக்குவா சிரித்தார். "குலுக்கலா? சர்ச் திருவிழாவா நடத்துறோம்? ஜெயிச்சவனுக்கு ஒரு பன்றித் தொடையும் குடுத்துடலாமே."

"உங்க மிலானோக்காரருக்குக் குடுத்த காசுல ஊருக்கே பன்றித் தொடை குடுத்திருக்கலாம் சார்" என்றாள் மேனா.

குலுக்கல் நடந்தது. பிப்ரவரித் தேர்வும் முடிந்தது. பதிவேட்டில் யார் தேறினார்கள் என்று எடுத்துப் பார்த்த மேனா, கணினித் திரையை ஒரு தட்டுத் தட்டினாள். அறைக்குப் போன பிள்ளைகள், போகாத பிள்ளைகளைவிடக் குறைவாகத்தான் தேறியிருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் அல்ல, கண்ணில் அடிக்கிற அளவுக்குக் குறைவு.

மறுபடி எண்ணினாள். பக்கத்து மேஜை ஒர்னெல்லாவையும் எண்ணச் சொன்னாள். மாறவில்லை. மேனா நேராக நிலவறைக்கு இறங்கினாள்.

"என்னடா சொல்லிக்குடுக்கறீங்க இங்க? கணக்கா, கண்கட்டு வித்தையா?" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். கோசிமோ கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றான். "உங்ககிட்ட வராத புள்ளைங்க பாஸ் பண்ணுது. வந்த புள்ளைங்க பாஸ் பண்ணல. அவங்க பாட்டுக்குத் தூங்கியிருந்தாக்கூட உருப்பட்டிருப்பாங்க!"

"மேடம், நாங்க..."

"பேசாத. ஆறு மாசம் உங்களுக்காக மேல இருக்கறவங்ககூட எல்லாம் சண்டை போட்டிருக்கேன். என் மூஞ்சில கரி பூசிட்டீங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேனா அதற்குள் கதவை அடித்துச் சாத்திவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள். அறிக்கையை எழுதினாள். 'பயிற்சி அறையால் தேர்ச்சி கூடவில்லை, குறைந்திருக்கிறது.' துணை ரெக்டருக்கு அனுப்பினாள். அவர் அன்று மாலையே பதில் போட்டார். மேனா எழுதிய எதற்கும் அவர் அவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை. அதிலேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் தேறாதவர்களுக்காக ஈஸ்டர் முடிந்ததும் அதே பாடத்துக்கு இன்னொரு தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை ஆசிரியர் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பார். யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தப் பிள்ளைகள் அப்படி எங்கேதான் சறுக்குகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்று மேனா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அன்று நிலவறையில் வாயெடுத்த பெண்ணின் முறை வந்தது. செராஃபினா அர்க்கூரி, ஸீலா மலைக்காரி. கரும்பலகையில் சரசரவென்று எழுதினாள். கடைசிக் கேள்வியில் மட்டும் தடுமாறினாள், அழித்தாள், மறுபடி தடுமாறினாள். ஆசிரியர் தலையாட்டிவிட்டு, "இருபது போடறேன், சரியா?" என்றார். முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தாலே தேர்ச்சி.

"வேண்டாம் சார்" என்றாள் செராஃபினா. "ஜூன்ல வர்றேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஆசிரியர் ஒன்றும் எழுதாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மேனா தாழ்வாரத்தில் ஓடிப்போய் அவளைப் பிடித்தாள்.

"பைத்தியமா உனக்கு? கூப்பிட்டு இருபது குடுக்கறாரு, வேண்டாங்கற?"

"இருபதுதானே மேடம்."

"இருபதுதானேவா! பாஸ் மார்க் என்னன்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா எனக்கு இருபத்தஞ்சுக்கு மேல வரும். அந்தக் கடைசி கேள்விதான் காலை வாரிடுச்சு. ஜூனுக்குள்ள அதையும் பாத்துடுவேன்."

"வரும்னு எந்த ஜோசியக்காரன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. நவம்பர்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியலங்கறதும் தெரியாது. இப்ப எது தெரியும், எது தெரியாதுன்னு தெரியுது. கோசிமோ அண்ணன் அதைத்தான் சொல்வாரு, உன் அளவு உனக்குத் தெரிஞ்சா அடுத்தவன் போடற அளவை வாங்கிக்க வேண்டியதில்லன்னு."

"பிப்ரவரியில ஃபெயிலானப்ப தெரியலையாக்கும் அளவு?"

செராஃபினா முகத்தைச் சுளித்தாள். "யாரு ஃபெயிலு? எனக்குப் பத்தொன்பது குடுத்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அன்னிக்கு அறையில அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டுப் போயிட்டீங்க."

மேனா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மறுத்த மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது. தேர்வுக்கே வராதவனும், வந்து விழுந்தவனும், கொடுத்ததை வேண்டாம் என்று எழுந்து போனவளும் அங்கே ஒரே வெற்றுக் கட்டம்தான். வாங்கிக்கொண்டால் அதுவே கடைசி என்பதால், கொடுத்ததை மறுத்துவிட்டு அடுத்த தேர்வுக்கு வருவது எங்கள் நாட்டில் ஊரறிந்த வழக்கம். மேனாவுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் தோன்றவில்லை?

"உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"ஆடு வளக்கறாரு. பாலாடைக்கட்டி போடுவோம்."

"பத்தொன்பதை வேணாம்னதைச் சொன்னியா அவருகிட்ட?"

"சொன்னேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம், 'உன் பரீட்சை, உன் தலையெழுத்து'ன்னாரு." செராஃபினா சிரித்தாள். "இப்ப இருபதையும் வேணாம்னேன்னு தெரிஞ்சா ஆட்டை மேய்க்க அனுப்பிடுவாரு."

மேனாவின் அப்பா பஸ் ஓட்டினார். மலையிலிருந்து நகரத்துக்குக் காலையில் வரும் பஸ், மதியம் திரும்பிப் போகும். மேனா மாணவியாக இருந்தபோதும் இதே கணக்குத் தேர்வு, இதே கட்டடம். அன்றைக்கு ஆசிரியர், "பதினெட்டு தரலாம். இல்லேன்னா அடுத்த முறை வா, இன்னும் நல்லாப் பண்ணுவே" என்றார். அவளுக்கும் தெரியும், இன்னும் நன்றாகப் பண்ணலாம் என்று. வெளியே அப்பாவின் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மகளுக்காகப் பயணிகளைக் காக்க வைத்துவிட்டு அவர் தவித்துக்கொண்டிருந்தார். 'இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதே' என்பது அவர் வாயில் தினமும் வரும் வார்த்தை. மேனா பதினெட்டை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். அப்பா பஸ் முழுக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மேனா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அந்தப் பதினெட்டு அவள் சராசரியைக் கீழே இழுத்தது. ஆராய்ச்சிப் படிப்புக்கான போட்டியில் ஒரு புள்ளியில் இடம் போனது. இடம் கிடைத்தது எர்மான்னோ பெவாக்குவாவுக்கு. ஆமாம், அதே எர்மான்னோதான். சொத்துப் பத்திரம் பதிந்தே பணம் குவித்த நோட்டரியின் மகன், மேனாவின் வகுப்புத் தோழன். அன்று காலை அதே அறையில் அவனுக்கு இருபத்துநான்கு கொடுத்தார்கள். 'இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சார்?' என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான். இரண்டு மாதம் கழித்து வந்து இருபத்தொன்பது வாங்கினான்.

மறுப்பது நோட்டரி வீட்டுப் பிள்ளை செய்கிற காரியம். ஆட்டுக்காரன் மகளும் பஸ் டிரைவர் மகளும் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். மேனா அப்படித்தான் நினைத்திருந்தாள், நினைக்கிறோம் என்று தெரியாமலே. அந்த நிலவறை இந்தப் பிள்ளைகளை மாற்றியிருக்கிறது, மாறியதையே தோல்வி என்று எழுதியவள் அவள். உலகத்திலேயே இதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒருத்தி அவள்தான். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது அவளுக்கு.

அறைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று குலுக்கலில் இருந்த அத்தனை பேரையும் அவளும் ஒர்னெல்லாவும் தொலைபேசியில் பிடித்தார்கள். 'பிப்ரவரியில் உனக்கு என்ன கொடுத்தார்கள், நீ என்ன செய்தாய்?' அவ்வளவுதான் கேள்வி. அறைக்குப் போய்த் 'தேறாதவர்கள்' பெரும்பாலும் கொடுத்ததை மறுத்தவர்கள். அறைக்குப் போகாதவர்களில் மறுத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது என்று கிடைத்ததை வாங்கிக்கொண்ட பிள்ளைகளில் பலர் அடுத்த பாடத்தில் இப்போதே விழி பிதுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது ஒரே கேள்விடீ" என்றாள் ஒர்னெல்லா, காதில் ஒட்டியிருந்த தொலைபேசியை இறக்கிவிட்டு. "முன்னாடியே கேட்டிருக்கலாம்."

"தெரியுது. வாயை மூடு."

மேனா மே மாத வெயிலில் துணை ரெக்டர் அறைக்குப் போனாள். அவர் மேஜையில் ஒரு புது செல்போன் செயலியின் வண்ணப் படங்கள் விரித்துக் கிடந்தன. நிலவறையை மூடிவிட்டு அந்தப் பணத்தில் வாங்கப்போகும் செயலி. காலை தோறும் மாணவர்களுக்கு அது செய்தி அனுப்பும்: 'எழுந்திரு, இன்று உன் நாள்!'

கதவு மூடியிருந்தது. வேறு யாரும் இல்லை. மேனா மரியாதையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டாள்.

"எர்மான்னோ, அந்த அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

"ஏன், எண் ஏதாவது தப்பா?"

"எண்ணெல்லாம் சரி. நான் கேட்ட கேள்வி தப்பு." நடந்ததை எல்லாம் சொன்னாள். "ஜூலை வரைக்கும் பொறு. ஜூன் பரீட்சை முடியட்டும், மறுத்த புள்ளைங்க நல்ல மார்க்கோட வருவாங்க. என் கணிப்புத் தப்புன்னா நானே வந்து அந்த அறையைப் பூட்டறேன்."

அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் அவரிடம் எரிச்சலூட்டும் விஷயம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். "மேனா, கல்வி அமைச்சகம் எதை எண்ணுது? முதல் வருஷத்துல எத்தனை பேர் பாஸ்னு எண்ணுது. எத்தனை மார்க்னு எண்ணல. நமக்குப் பணம் வர்றது அதை வெச்சுத்தான். உன் அறை புள்ளைங்களுக்கு மறுக்கக் கத்துக்குடுக்குது. நல்ல விஷயமா இருக்கலாம். நமக்கு நஷ்டம்."

"அப்ப புள்ளைங்க?"

"பதினெட்டு வாங்கிட்டுப் போகட்டுமே. எல்லாருமா புரொஃபஸர் ஆகப் போறாங்க?"

மேனாவுக்குக் காதுகள் சுட்டன. "நீ இருபத்துநாலை வேண்டாம்னுட்டுப் போனியே, அன்னிக்கு அமைச்சகம் உன் ஞாபகத்துக்கு வரலியா? உங்கப்பா நோட்டரி, அதனால உனக்கு ரெண்டாவது தடவை உண்டு. இவங்களுக்கு முதல் தடவை கிடைச்சதே தர்மம், அதுதானே?"

"அது என்னிக்கோ நடந்தது."

"உனக்கு என்னிக்கோ. எனக்கு இன்னும் முடியல."

அவர் செயலியின் படங்களை அடுக்கி வைத்தார். "வியாழக்கிழமை பல்கலைக்கழகச் சபை கூடுது, அறையை மூடறதுக்கு வாக்கெடுப்பு. நீ அனுப்பின அறிக்கை என்கிட்ட இருக்கு. நீ எழுதினது, உன் எண்கள். அதுல பொய்னு ஒரு வரி காட்டு பாப்போம்." பிறகு, அக்கறையோடு பேசுவது போல், "ஜூன்ல உன் ஒப்பந்தம் முடியுது. இந்தத் தடவை நிரந்தரத்துக்கே எழுதலாம்னு இருக்கேன்" என்றார்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினாள். கோபம் வந்தால் மேனாவுக்கு நன்றாகப் பசிக்கும், நன்றாகத் தூக்கமும் வரும்.

வியாழக்கிழமை சபை கூடியது. நீள மேஜை, தண்ணீர்க் குப்பிகள், சுவரில் இறந்துபோன ரெக்டர்களின் படங்கள். எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. இது போன்ற அறிக்கையை எழுதியவரே எழுந்து நின்று, இது என் முடிவு என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் வாக்கெடுப்பு. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.

பெவாக்குவா எழுந்தார். நிலவறை, செலவு, பலனின்மை என்று அழகாகப் பேசினார். கடைசியில் மேனா பக்கம் திரும்பினார். "இவ்வளவு நேர்மையான அறிக்கையை நான் பாத்ததில்ல. தான் கொண்டுவந்த திட்டமே தோத்துப் போச்சுன்னு தானே சொல்ற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? நான் மார்க் போடறதா இருந்தா மேடத்துக்கு முப்பதுக்கு முப்பது, பாராட்டுரையோட!"

மேஜையைச் சுற்றிலும் சிரித்தார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள். செயலாளர் காகிதத்தையும் பேனாவையும் மேனா முன்னால் நகர்த்தினார்.

மேனா எழுந்து நின்றாள். பேனாவைத் தொடவில்லை.

"வேண்டாம் சார்" என்றாள்.

"எது வேண்டாம்?"

"நீங்க போட்ட மார்க். நான் மறுக்கறேன். இந்தப் பரீட்சையை நான் சரியாப் பண்ணல. தெரிஞ்சிருக்க வேண்டிய கேள்வியை விட்டுட்டேன். ஜூலைல மறுபடி வர்றேன்."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மேஜையின் கோடியில் இருந்த மாணவர் பிரதிநிதிக்குப் புரிந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். ரெக்டருக்கும் புரிந்தது. அவரும் ஒரு காலத்தில் மாணவர்தானே, மறுத்தவர்தானே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கையெழுத்து இல்லேன்னா வாக்கெடுப்பு இல்ல. ஜூலைக்குத் தள்ளி வைங்க" என்றார்.

பெவாக்குவா மேஜை மேல் குனிந்தார். அவருடைய பொறுமை எங்கே போனதோ தெரியவில்லை. "உன் ஒப்பந்தம் ஜூன்ல முடியுதுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் தணிந்த குரலில்.

"இருக்கு."

"ஜூலைல நீ இங்க இருக்க மாட்டே."

"அறை இருக்கும்ல. அந்தப் பொண்ணு இருப்பால்ல." மேனா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எண்களையெல்லாம் ஒர்னெல்லா கொண்டுவருவா. நான் வாசல்ல நிப்பேன். என்னை யாரு என்ன பண்ண முடியும்?"

"இதனால உனக்கு என்ன லாபம், மேனா?"

அவள் கதவுவரை போய்விட்டாள். திரும்பினாள்.

"அன்னிக்கு வெளிய எங்கப்பா ஹாரன் அடிச்சுக்கிட்டு நின்னாரு, எர்மான்னோ. அதனால வாங்கிக்கிட்டேன். இன்னிக்கு எனக்குப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்ல."